தேவகியின் பச்சை மோட்டார்

ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றினால் தேவகி அக்காவால் இருந்த இடத்தில் இருக்க முடியாது. மிகையாகச் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரி நான், வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். பேசிக்கொண்டிருப்பாள், பாதிப் பேச்சில் எழுந்து என் வீட்டுக்குள் போவாள், சமையலறை விளக்கை அணைத்துவிட்டு வந்து மீதிப் பேச்சைத் தொடர்வாள். அது என் வீடு, என் விளக்கு, நான் கட்டும் பில். அதெல்லாம் அவளுக்குப் பொருட்டே இல்லை. கல்யாண மண்டபத்தில்கூடப் பந்தி முடிந்த கூடத்தில் தனியாகச் சுற்றும் ஃபேன்களுக்கு எங்கே சுவிட்ச் இருக்கிறது என்று தேடிக்கொண்டு போவாள்.

"அவங்கதான் மண்டபத்துக்கு வாடகை குடுத்துட்டாங்களேக்கா, நீ ஏன் அல்லாடற?" என்று ஒரு முறை கேட்டேன்.

"குடுத்தா இன்னா? சும்மா சுத்திகினு கீது பாரு. பாக்கவே சகிக்கல" என்றாள்.

கரண்ட் விஷயத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. தனக்கென்று எதைக் கேட்பதிலும் அவள் சிக்கனம்தான். முள்ளிப்பட்டு கிராமத்தில் கைத்தறி வீட்டில் பிறந்தவள். தம்பி தமிழ்வாணனைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க வேண்டும் என்று வந்தபோது, "நான் தறியில குந்திக்கிறேன், அவன் படிக்கட்டும்" என்று பள்ளிக்கூடத்தை விட்டாள். கல்யாணத்தில் "எனக்கு இந்தச் சங்கிலி வேணாம்" என்றாள். அப்பா போன பிறகு வீட்டைப் பிரிக்கும்போது "எனக்கு ஒண்ணும் வேணாம், தம்பியே எடுத்துக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, வாக்கப்பட்ட ஆரணிக்குப் பஸ் ஏறினாள். அந்த 'வேணாம்' என்ற சொல்லை அவள் வாயில் கேட்டுக் கேட்டு எனக்கே எரிச்சல் வரும். சொந்தக்காரர்கள் எல்லோரும் அவளைத் தங்கமான பெண் என்பார்கள். ஒருத்தியைத் தங்கமான பெண் என்று நாலு பேர் சொன்னால், அந்த நாலு பேரும் அவளிடமிருந்து எதையோ வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் பின்னால் ஒரு பவர்லூம் ஷெட் உண்டு. தேவகி அக்கா வீட்டு ஷெட்டில் தறியைப் பார்த்துக்கொள்வது அவள் வீட்டுக்காரர் ஜெயவேல் மாமா. அவர் பேசுவதைவிட அவருடைய தறி அதிகம் பேசும். அக்காவின் வேலை பாவு பிணைப்பது. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். தறியில் ஒரு பாவு தீரும்போது அதைக் கடைசி நூல்வரை நெய்து தீர்த்துவிட மாட்டார்கள். நூல்களைப் பிரித்துப் பிடிக்கும் அச்சுக்குப் பின்னால் ஒரு முழம் நூலை வால் போல விட்டு வைப்பார்கள். அந்த வாலில்தான் புதுப் பாவின் ஒவ்வொரு நூலையும் பிடித்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் நூல். தெருவில் யார் வீட்டில் புதுப் பாவு ஏறினாலும் சாம்பல் டப்பாவோடு அக்காதான் போவாள். நான் எதிரே உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுப்பேன். ஜாக்கெட் தைக்கும் எனக்கு அது உபரி வேலை, ஊர்ப்பேச்சு பேசவும் நல்ல இடம்.

எங்கள் தெருவுக்குப் பிடித்த பீடை சாயந்திரம்தான். பகலெல்லாம் கரண்ட் ஒழுங்காக இருக்கும். சூரியன் இறங்கியதும் ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் விளக்கையும் ஏசியையும் மோட்டாரையும் போடும். அப்போது எங்கள் தெருவில் கரண்ட் ஒரு சிமிட்டுச் சிமிட்டும். வீட்டு விளக்குக்கு அது ஒன்றுமே இல்லை. தறியின் மேல் இருக்கும் டிசைன் பெட்டிக்கோ அந்தச் சிமிட்டு போதும், நெய்துகொண்டிருந்த பூ எந்த இடத்தில் நின்றது என்பதே அதற்கு மறந்துவிடும். கவனித்து நிறுத்துவதற்குள் புடவையின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கும். கோடு விழுந்த புடவையைக் கடைக்காரர் கையால் தொடமாட்டார். எத்தனை புடவை அப்படிப் போனது என்று கேட்டால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் கோபம்தான் வரும்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் தமிழ்வாணன் வந்தான். மின்வாரியத்துக்காக வேலை செய்யும் ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்திருந்தான், கழுத்தில் அட்டை தொங்கியது. அக்கா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவையே கூட்டிவிட்டான்.

"இப்பல்லாம் மத்தியானத்துல வெயில் கரண்ட் கொட்டிக் கெடக்குது, எடுக்க ஆளில்ல" என்றான். "சாயந்திரமானா சூரியன் போயிடுது, எல்லாரும் அப்பதான் சுவிட்ச்சப் போடுறீங்க. இனிமே நிலக்கரிய எரிக்காம ஊர ஓட்டணும்னு கவர்மெண்ட்டு சொல்லிகினு இருக்குது. அதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, மொத்தமா கம்மியா செலவு பண்ணணும். இன்னொண்ணு, சாயந்திர வேலைய மத்தியானத்துக்கு மாத்திக்கணும். வளைஞ்சு குடுக்கணும், அவ்ளோதான். கம்பெனி ஆரணியில ரெண்டு தெருவ எடுத்துச் சோதன பண்ணப் போவுது. நல்லா செஞ்சு காட்டுற தெருவுக்கு ஒரு பெரிய பேட்டரி. பீரோ மாதிரி இருக்கும். அது வந்துட்டா சாயந்திரம் கரண்ட் சிமிட்டாது, புடவையில கோடும் விழாது."

ஒன்று எங்கள் தெரு. இன்னொன்று மேலத்தெரு, அவன் மாமனார் ராஜவேலு பெரிய ஷெட் போட்டிருக்கும் இடம். அப்போதே எனக்கு உறுத்தியது. வாயைத் திறந்தேன், அக்கா என் தொடையில் கிள்ளினாள்.

பேட்டரி என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் தெருவுக்கு உயிர் வந்தது. தமிழ்வாணன் முதலில் சிக்கனத்தை முடிக்கச் சொன்னான். பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு, பாதிக் கரண்டில் ஓடும் புது மோட்டாரை மாட்ட வேண்டும். அதற்கு வீடு வீடாகப் போய்ப் பேசியவள் அக்காதான். தனக்கென்று ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்கத் தெரியாதவள், தம்பிக்காகத் தெருவையே கெஞ்சினாள். கோடி வீட்டுக் காசியம்மாள் மட்டும் லேசில் மசியவில்லை. அவள் வாய்க்கு மேலத்தெருக்காரர்களே பயப்படுவார்கள்.

"ஓடிகினு இருக்கிற மோட்டார நான் ஏன்டி கழட்டணும்? உன் தம்பிக்கு வேல கிடைச்சா என் தறிக்குக் காய்ச்சல் வரணுமா?"

"என் பேச்ச நம்பி மாத்து காசிம்மா. பேட்டரி வரலன்னா என்ன வந்து கேளு."

"கேப்பேன்" என்றாள் காசியம்மாள். அவள் சொன்னால் கேட்கக்கூடியவள்தான்.

கழற்றிய மோட்டார்களை எல்லாம் தமிழ்வாணனே மினி லாரி கொண்டுவந்து ஏற்றினான். உடைத்துப் பழைய இரும்பாக்கிவிடுவார்களாம், இல்லாவிட்டால் எவனாவது திரும்ப மாட்டிக்கொள்வானாம். கடைசியாக ஏறியது அக்கா வீட்டுப் பச்சை மோட்டார். வாசல் கதவுக்கு அடித்துப் போக மிஞ்சிய பச்சைப் பெயிண்ட்டை வீணாக்கக் கூடாது என்று ஜெயவேல் மாமா அந்த மோட்டாருக்கு அடித்திருந்தார். கதவும் மோட்டாரும் ஒரே கிளிப்பச்சை. தெருவே அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அக்கா அதற்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து கிடந்தன. லாரி கிளம்பும்போது அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். மாட்டை அனுப்புவது போல இருந்தது எனக்கு.

சிக்கனம் என்றால் அப்படி ஒரு சிக்கனம். மோட்டார் மாறியது, பல்பு மாறியது, ஃபேன் மாறியது, என் தையல் மிஷின் மோட்டாரைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒரு தறி நின்றால் அந்தத் தறியின் விளக்கும் நிற்க வேண்டும் என்று அக்கா ரவுண்டு வருவாள். கம்பெனிக்காரர்கள் பாராட்டினார்கள். எங்கள் தெருவைக் காட்டித்தான் தமிழ்வாணனுக்கு வேலை நிரந்தரமானது. அக்கா ஆளுக்கு இரண்டு லட்டு கொடுத்தாள். நானும் வாங்கித் தின்றேன்.

அடுத்து நேரம் மாற்றும் கட்டம். கோடையில் அது வந்தது. ஆரணி வெயிலில் மத்தியான நேரம் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே தறி ஓட்டுவது என்னவென்று ஓட்டினவர்களுக்குத்தான் தெரியும். முதுகெல்லாம் வேர்க்குரு, குடித்த தண்ணீர் குடித்த உடனே வேர்வையாகப் போகும். ஆனாலும் ஓட்டினோம். கம்பெனி ஒவ்வொரு ஷெட்டிலும் ஒரு அளவுப் பெட்டி மாட்டியிருந்தது. முதலில் சில வாரம் வழக்கமாக எவ்வளவு எடுக்கிறோம் என்று பார்ப்பார்கள், பிறகு போனில் செய்தி அனுப்பி நிறுத்தச் சொல்வார்கள், எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள்.

அந்த முதல் வாரங்களில்தான் தமிழ்வாணன் அக்காவிடம் சொன்னான்: "செய்தி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. இப்பவே சாயந்திரம் தறிய நிறுத்திப் பழகிக்கோங்க. அப்பதான் கம்பெனில உங்க தெருவுக்கு நல்ல பேரு வரும்."

அக்கா சொன்னாள், நாங்கள் நிறுத்தினோம். சாயந்திரமானால் தெருவே கப்சிப் என்றிருக்கும். தறிச் சத்தம் இல்லாமல் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்டது. காசியம்மாள் ஒரு நாள், "இத்தன வருஷம் என் மருமவ மொணமொணன்னு திட்டினது இப்பதான்டி எனக்குக் கேக்குது" என்றாள். சிரித்தோம். நன்றாகத்தான் இருந்தது. பேட்டரி வந்தேவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

முடிவைச் சொல்லத் தமிழ்வாணன் வரவில்லை. தீபா என்ற என்ஜினியர் பெண்ணை அனுப்பியிருந்தார்கள். பஜனைக் கோயில் மண்டபத்தில் நின்றுகொண்டு, முகம் வாடிப் பேசினாள்.

"பேட்டரி மேலத்தெருவுக்குப் போகுதுங்க. செய்தி அனுப்பினப்போ அவங்க பெரிய அளவு நிறுத்திக் குடுத்தாங்க. உங்க தெருவுல குறையறதுக்கு ஒண்ணுமே இல்லங்க. அளவு எடுத்த வாரத்துலயே சாயந்திரத்துல நீங்க எதுவுமே எடுக்கல."

"முன்னாடியே குறைச்சுட்டோமேம்மா! நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டோமே!" என்று காசியம்மாள் எழுந்தே விட்டாள்.

"தெரியுதுங்க. உண்மையச் சொல்லணும்னா, எல்லாரும் உங்கள மாதிரி குறைச்சுட்டா சாயந்திரத்துக்கு இத்தன பேட்டரியே தேவப்படாது. ஊரு சுலபமா ஓடும். அது பெரிய உதவி. ஆனா கேட்ட நேரத்துல நிறுத்திக் குடுக்கறதத்தான் இந்தத் திட்டத்துல எண்ணுவாங்க. நீங்க எடுக்காமலே உட்ட கரண்ட்ட எண்ண அதுல எடமில்லங்க. நான் ஆபீஸ்ல சொல்லிப் பார்த்தேன்."

பந்தியில் குறைவாகச் சாப்பிட்டவனைப் பார்த்து, உன் இலையிலிருந்து எடுக்க ஒன்றும் இல்லை, அதனால் உனக்குப் பாயசம் கிடையாது என்று சொன்னது போலிருந்தது. அந்தப் பெண்ணைத் திட்டவும் மனசு வரவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. தெரு அப்படியே திரும்பி அக்காவைப் பார்த்தது.

"அவன் இன்னா பண்ணுவான், கம்பெனி சட்டம் அப்படி" என்றாள் அக்கா. அப்போதும் தம்பிக்குத்தான் பேசினாள்.

"உன்ன வந்து கேளுன்னு சொன்னியே, கேக்கறேன். எங்கடி பேட்டரி?" என்றாள் காசியம்மாள்.

அந்த வாரமே காசியம்மாள் வீட்டில் புதுப் பாவு ஏறியது. பிணைக்க முள்ளிப்பட்டிலிருந்து வேறு ஒரு பெண் வந்தாள். பிறகு அடுத்த வீட்டிலும் அவளே வந்தாள். அக்காவின் சாம்பல் டப்பா அலமாரியிலேயே இருந்தது. என்னிடம் நூல் எடுத்துக் கொடுக்க வருகிறாயா என்று கேட்டார்கள். போங்கடி என்று சொல்லிவிட்டேன். சாயந்திரம் தறியை மறுபடி ஓட்டத் தொடங்கினார்கள், கரண்ட் சிமிட்டியது, கோடு விழுந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் தெருவில் யாராவது அக்கா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் தமிழ்வாணன் பெண்டாட்டி பரிமளா போன் பண்ணினாள். அவள் அப்பா ராஜவேலு ஷெட்டில் பாவு தீர்ந்துவிட்டதாம், வழக்கமாகப் பிணைப்பவளுக்கு உடம்பு சரியில்லையாம், அண்ணி வந்து பிணைத்துக் கொடுப்பார்களா என்று கேட்டாள். போகாதே என்றேன். "வேலைன்னு கூப்பிடறாங்க, சம்பந்தி வீடு வேற" என்று டப்பாவை எடுத்தாள். நானும் கூடப் போனேன். அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனமில்லை.

ராஜவேலு ஷெட்டுக்கு வெளியே பேட்டரி நின்றது. வெள்ளை வெளேரென்று பீரோ மாதிரிதான் இருந்தது, திறப்பு விழா மாலைகூட இன்னும் காயவில்லை. அக்கா அதை நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போனாள். உட்கார்ந்தோம். நான் நூல் எடுத்துக் கொடுக்க, அவள் முறுக்க, வேலை ஓடியது. மத்தியானம் நெருங்கும்போது தண்ணீர் குடிக்கத் தலையை நிமிர்த்தியவள் டம்ளரும் கையுமாக அப்படியே இருந்துவிட்டாள்.

அவள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். பின்சுவர் ஓரமாகப் பலகைகளின் மேல் வரிசையாகப் பழைய மோட்டார்கள் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தன. எதற்குப் பக்கத்திலும் தறி இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு தேய்ந்த இரும்புச் சக்கரம் மட்டும் மாட்டியிருந்தது. வரிசையின் நடுவில் கிளிப்பச்சையாக ஒன்று. அதன் நெற்றியில் காய்ந்த சந்தனம், குங்குமம்.

"அருள்மணி அண்ணே, அது இன்னா?" என்று அக்கா கேட்டாள். அருள்மணி அந்த ஷெட்டில் வெகு காலமாகத் தறி ஓட்டுகிறவர், சூது தெரியாத மனுஷர்.

"அது ஒண்ணும் ஓட்டறதில்லம்மா, சும்மா சுத்தும்" என்றார் அவர் சிரித்துக்கொண்டே. "அளவு எடுத்த வாரத்துல தமிழ்வாணன் தம்பிதான் கொண்டாந்து மாட்டுச்சு. சாயந்திரமானா அத்தனையும் சுத்த உடுவோம். அப்புறம் போன்ல செய்தி வரும், ஜல்தியா எல்லாத்தையும் நிறுத்துவோம். அளவு மளமளன்னு எறங்கும் பாரு! அதுல கெடைச்சதுதான் வெளிய நிக்கற பேட்டரி. ஏம்மா, உங்ககிட்ட அவரு சொல்லலியா?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள், சாம்பலைத் தொட்டாள், அடுத்த நூலுக்காக என்னிடம் கையை நீட்டினாள். எழுந்து போய்விடலாம் வாக்கா என்றேன். ஒரு பாவு வேலையை யார் தொட்டாரோ அவர்தான் முடிக்க வேண்டும், கை மாறினால் முறுக்கு மாறும், தறியில் ஏறியதும் அறுந்துகொண்டே இருக்கும். அவள் எழுந்திருக்கவில்லை. கண்ணிலிருந்து வழிந்தது மூக்கு நுனியில் சொட்டியது, நூலில் படாமல் தோளில் துடைத்துக்கொண்டு முறுக்கினாள். எனக்கு அந்த ஷெட்டையே கொளுத்த வேண்டும் போலிருந்தது.

சாப்பிடக் கூப்பிட வந்தான் தமிழ்வாணன். எங்கள் முகத்தைப் பார்த்தான், பின்சுவரைப் பார்த்தான், புரிந்துகொண்டான்.

"அக்கா, சத்தம் போடாத. என் மாமனாரு உள்ள இருக்காரு."

அக்கா எப்போது சத்தம் போட்டாள்? "உடைச்சுடுவேன்னு சொன்னியேடா" என்றாள், நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உடைக்கத்தான் இருந்தோம்க்கா. மாமா கேட்டாரு. பேட்டரி இங்க வரலன்னா பரிமளா வீட்ல என்ன உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க. உனக்கே தெரியும்."

"சாயந்திரம் தறிய முன்னாடியே நிறுத்துங்கன்னு சொன்னியே. அதுவும் இதுக்குத்தானா?"

அவன் கழுத்து அட்டையைத் திருப்பிக்கொண்டே தலையைக் குனிந்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தமிழு. தெருவுல எல்லாரும் என் வாய நம்பித்தானே மோட்டாரக் கழட்டினாங்க."

"சொன்னா நீ ஒத்துக்கினு இருக்க மாட்ட."

"அப்ப வேற யாரையாவது ஏமாத்தியிருக்கலாமே. ஏன்டா என்ன?"

அதற்கு அவன் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். திமிராகக்கூடச் சொல்லவில்லை, அக்கறையாகச் சொன்னான்.

"வேற யாருன்னாலும் கம்பெனிக்கு போன் பண்ணுவாங்கக்கா, பேஜார் ஆயிடும். நீன்னா அனுசரிச்சுக்குவ. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தானே."

நான் எழுந்துவிட்டேன். என் வாயில் வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. அக்கா என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, "நூல எடு எழிலு" என்றாள். கடைசி நூல்வரை பிணைத்தாள். சோற்றில் கை வைக்காமல், பரிமளா நீட்டிய கூலியையும் வாங்காமல் கிளம்பினாள். தம்பி கேட் வரை பின்னாலேயே வந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் தெரு முனையில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியதும் வாயைத் திறந்தாள். "பாவு நெய்யறப்போ ஒரு முழம் உட்டு வெக்கறோம்ல, எழிலு. அடுத்ததப் பிணைக்க. நான் எதுலயும் உட்டு வெக்கவே இல்லடி. எல்லாத்தையும் வேணாம் வேணாம்னு குடுத்துட்டேன். இப்ப எத வெச்சு நான் அவனக் கேக்கறது?" என்று சொல்லிவிட்டு, நடுத்தெருவில் நின்று வாய்விட்டு அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை.

அந்த தீபா பெண்ணுக்கு போன் பண்ணலாம் என்றேன். நம்பர் என்னிடம் இருந்தது.

"பண்ணினா இன்னா ஆவும்? இவன் வேல போவும். ரெண்டு புள்ளைங்க வெச்சினு இருக்கிறான். மேலத்தெரு பேட்டரியக் கழட்டி எடுத்துனு போவாங்க. நமக்கா குடுப்பாங்க? நம்மகிட்டதான் குறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லியே."

அவளைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

தை பிறந்தது. பொங்கலுக்கு அக்காவுக்குச் சீர் கொண்டுவரத் தமிழ்வாணன் வரவில்லை. பதிலாக மினி லாரி வந்தது, அருள்மணி முன்னால் உட்கார்ந்திருந்தார். கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் ஒரு ஓரமாகக் கிடந்தன, மீதி இடமெல்லாம் எங்கள் பழைய மோட்டார்கள். தெரு கூடிவிட்டது. அருள்மணி இப்போது சிரிக்கவில்லை, தமிழ்வாணன் சொல்லி அனுப்பியதை ஒப்பிப்பது போலச் சொன்னார். அடுத்ததாக இன்னொரு பேட்டரி வரப்போகிறதாம். கொஞ்ச நாளில் அளவு எடுக்கத் தொடங்குவார்களாம். அதற்குள் இவற்றை மாட்டிச் சாயந்திரம் சுத்த விட்டால், செய்தி வரும்போது நிறுத்திக் காட்டலாமாம். இந்த முறை எங்கள் தெருவுக்குத்தானாம்.

அக்கா அங்கேயே தெருவின் முன்னால் நின்று நடந்தது முழுவதையும் சொன்னாள். தன் தம்பி செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒருத்தராவது அவள் பக்கம் வந்து நிற்பார்கள், அவனை நாலு வார்த்தை கேட்பார்கள் என்று நான் நினைத்தேன். அவளும் நினைத்திருப்பாள்.

காசியம்மாள் லாரிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னுது இருக்குது. அதோ, மூலையில" என்றாள். "சரி, உன் தம்பி பண்ணினது தப்புதான். மோட்டார் வந்துடுச்சுல்ல? மாட்டச் சொல்லு."

"காசிம்மா, சும்மா சுத்த உட்டுக் கரண்ட்ட எரிக்கச் சொல்றாங்க. அது பொய்க் கணக்கு" என்றாள் அக்கா.

"உனக்கு எப்பவும் ஒண்ணும் வேணாம். எங்களுக்கு வேணும்டி. என் புடவையில கோடு விழுது."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆளுக்கொரு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெயிலில் வெந்து மிச்சம் பிடித்ததை எல்லாம் ஒரு நொடியில் மறந்துவிட்டார்கள். தம்பி செய்ததைவிட இதுதான் அக்காவை அதிகம் அறுத்தது என்று நினைக்கிறேன். கடைசியில் லாரியில் பச்சை மோட்டார் மட்டும் மிஞ்சியது. ஜெயவேல் மாமா அதைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார்.

"நீ சொல்றதத்தான் செய்வேன்" என்றார். அந்த வருஷத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

அக்கா சீர்க் கரும்பைத் தொடவில்லை, லாரியிலேயே திருப்பி அனுப்பினாள். "அவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொல்லுங்கண்ணே" என்றாள். மோட்டாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாமா அதை இறக்கி வாசலில் வைத்தார், அந்தப் பச்சைக் கதவுக்குப் பக்கத்தில்.

சில நாள் கழித்து, அளவு எடுக்கத் தொடங்கிய பிறகு, விளக்கு வைக்கும் நேரத்தில், தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். தெருவில் வீட்டுக்கு வீடு பழைய மோட்டாரின் உறுமல். பின்னால் ஷெட்டில் தறிகள் நின்றிருந்தன. விளக்கு இல்லை, மாமா இல்லை. சுவர் ஓரமாகப் பலகையின் மேல் பச்சை மோட்டார் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் சக்கரம் எதையும் இழுக்காமல் சுற்றியது. அக்கா எதிரே முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடிக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருஷம் அவளோடு பழகியதில் அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றியிருந்தது. என் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது.

"நிறுத்தாத எழிலு" என்றாள். "ஓடட்டும். நானும் ஒரு தடவ, வேணும்னு கேட்டுப் பாக்கறேன்."